பூங்கனியின் கொட்டான்

ஞானசிங் பனையிலிருந்து விழுந்தது 1954 வைகாசியில். தரைக்கு வந்து சேர்ந்தது 1956 ஐப்பசியில். தக்கலைக்கு மேற்கே உள்ள அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தான், ஊர் பாட்டுக்கு அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றிக்கொண்டிருந்தது.

காரணம் அவன் மனைவி பூங்கனி. அவளுடைய அப்பனும் அண்ணனும் பனையேறிகள். இரண்டு பேரையும் பனையின் அடிமூட்டிலிருந்துதான் வாரி எடுத்து வந்தார்கள். 1947இல் இன்னொரு பனையேறிக்கே கட்டிக்கொடுத்தபோது அவள் அழவில்லை, சீதனமாக ஒரு கோழியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது இட்ட முதல் முட்டையை கொட்டான் என்கிற சிறு ஓலைக்கூடையில் வைத்து, வீட்டுத் தோட்டத்து விளையில் நின்ற பனையின் உச்சிக்குப் போனதும் கீழே போடும்படி புருஷனிடம் கொடுத்தாள். ஆளைப் போட்டுப் பார்க்க முடியாது, முட்டையைப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

முதலில் தவிடு, வைக்கோல், இலவம்பஞ்சு என்று திணித்தாள். கனம் கூடக் கூட கொட்டான் தொப்பென்று விழுந்து முட்டை கூழானது. பனைக்கு முட்டை உரம் போட்டால் அக்கானி ருசிக்குமா என்று பக்கத்துப் பனையேறி சிலுவைதாசன் கேட்டான். பூங்கனி பிறகு ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். தவிடு போனது, வைக்கோல் போனது. கடைசியில் ஈர்க்கு நீக்கிய குருத்தோலையும் மட்டையடியில் கிடைக்கும் வலைபோன்ற பன்னாடையும்தான் மிஞ்சின. முட்டை எங்கும் படாமல் நடுவில் நாரில் தொங்கியது. பிழைத்தது. அவளுக்கு அது போதவில்லை, ஓலையை இன்னும் மெல்லிசாக இழைத்தாள். 1950 வாக்கில் காலையில் போட்ட கொட்டான் மத்தியானம் வந்தது. அடுத்த வருஷம் போட்டது முட்டை, வந்து சேர்ந்தது குஞ்சு. ஒருமுறை ஞானசிங் பொறுமையில்லாமல் பாதிவழியில் தொரட்டியால் இழுக்க, முட்டை அவன் கையிலேயே உடைந்தது.

பிறகு ஆளுக்கான கொட்டானை முடைந்தாள். அதை முதுகில் கட்டிக்கொண்டு ஏற ஞானசிங்குக்கு வெட்கமாக இருந்தது. பூங்கனி அப்போது கர்ப்பமாக இருந்தாள். சத்தம் போடவில்லை.

"எனக்க அப்பனும் அண்ணனும் வேகமா வந்துட்டாவ," என்றாள். "நீங்க பைய வந்தாப் போரும்."

கட்டிக்கொண்டான். அந்த வாரமே மழையில் நனைந்த வீட்டுப் பனை காலை வழுக்கிவிட்டது. பக்கத்துப் பனையிலிருந்த சிலுவைதாசன் கண்ணை மூடிக்கொண்டான். சத்தம் எதுவும் கேட்காததால் திறந்து பார்த்தான். ஞானசிங் பாளைக்குச் சற்றுக் கீழே, இடுப்பில் அரிவாளோடு, அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

கயிறு போட்டு இழுக்கலாம் என்றது ஊர். உடைந்த முட்டையைப் பார்த்திருந்த பூங்கனி பனைமூட்டில் வெட்டுக்கத்தியோடு நின்று தடுத்தாள். கேலி பேசிய சிலுவைதாசனே தினமும் பனையேறித் தொரட்டியில் கஞ்சிக் கலயத்தை நீட்டினான். களியக்காவிளை பஸ்ஸில் போகிறவர்கள் ஆரம்பத்தில் எட்டிப் பார்த்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். மகள் ஓமனா பிறந்து, முற்றத்தில் மல்லாந்து கிடந்தே அப்பன் முகத்தைப் பழகினாள். காற்றடித்த நாளெல்லாம் பூங்கனி பனைமூட்டிலேயே பாய் விரித்துப் படுத்தாள். கண்ணெதிரே இருப்பவனைத் தொட முடியாததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம்.

அந்தப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த அன்று ஊரே தக்கலைக்கு ஊர்வலம் பார்க்கப் போயிருந்தது. ஞானசிங்கின் கால் பெருவிரல் மண்ணில் பட்டது. திருவிதாங்கூர்-கொச்சியில் விழுந்தவன் சென்னை மாநிலத்தில் வந்து நின்றான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பூங்கனி அவன் இரண்டு காலையும் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அழுதாள்.

ஓமனா அவர்களைத் தாண்டி ஓடி, வழக்கம்போல் அண்ணாந்து தேடினாள். அப்பா எங்கே என்று கேட்டாள்.

"எறங்கியாச்சு மக்கா," என்றாள் பூங்கனி.

பிள்ளை நம்பவில்லை. தரையில் நிற்கிற ஆளோடு வெகுநாள் வரைக்கும் அவள் பேசவே இல்லை. அதனால் சாயங்காலமானால் ஞானசிங் பனையில் நாலடி ஏறி நின்று மகளோடு பேசிவிட்டு இறங்குவான். அந்த நாலடிக்கும் பூங்கனி கொட்டானைக் கட்டித்தான் ஏற்றினாள்.