பிரேக் மாஸ்டரின் கால்

கேம் சென்டர் வாசலில் என் கணவர் வைத்திருந்த முகத்தைப் பார்த்தவர்கள், உள்ளே பல் பிடுங்குகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"தலைக்கு இவ்வளவா? இருட்டு ரூம்ல பொம்மையச் சுடறதுக்கா? வீட்ல டிவி சும்மாதானே கெடக்கு?"

"ஒரு தடவை கட்டினா நாள் முழுக்க எந்த மெஷின்ல வேணாலும் ஆடலாம்ப்பா. பேசாம கைய நீட்டுங்க," என்றாள் மகள். டிக்கெட் கொடுத்த பெண் அவர் மணிக்கட்டில் காகிதப் பட்டையை ஒட்டினாள்.

மகள் எங்களை இழுத்து வந்தது என் மனசைக் கொஞ்சம் லேசாக்கத்தான். திங்கட்கிழமை எனக்கு டிரைவிங் டெஸ்ட், மூன்றாவது முறை. நான் ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர லேபே கார் தருகிறது. லைசென்ஸ் மட்டும் வேண்டும். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் அந்த வேலை பக்கத்து மேசைக்காரிக்குப் போய்விடும். அவளுக்கு நரம்பு கண்டுபிடிக்கவே பாதி நாள் ஆகும்!

இதில் கூத்து என்னவென்றால், என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்த மகராசன். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. 'பிரேக் மாஸ்டர்' என்பது ஓட்டப் பழக வரும் பிள்ளைகள் வைத்த பெயர். மற்றவர்கள் ஓட்டினால் அவசரத்துக்குத்தான் மிதிப்பார். நான் ஓட்டினால் அரைத் தெருவுக்கு முன்பே மிதித்துவிடுவார். அவர் பக்கத்தில் இல்லாத டெஸ்டில் இரண்டு முறையும் என் கார் கோட்டைத் தாண்டித்தான் நின்றது. "உனக்குக் கால் மெதுவா வருது," என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

உள்ளே போனதும் கட்டின காசை வசூலித்தே தீருவது என்று கிளம்பினார். சுட்டார், குத்தினார், கூடையில் பந்து போட்டார். டான்ஸ் மெஷினில் அவர் நின்ற பிறகும் தொப்பை கொஞ்ச நேரம் ஆடியது. ஆனாலும், "தண்டம், தண்டம்," என்பதை மட்டும் நிறுத்தவில்லை.

கடைசியாகக் கார் பந்தய மெஷின். இரண்டு சீட், ஸ்டீயரிங்கும் பெடலும் ஒரு பக்கம் மட்டும். நான் ஓட்ட உட்கார்ந்தேன். கூப்பிடாமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

முதல் வளைவு வந்தது. அவர் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. அடுத்த வளைவிலும் அவர் மிதித்தார், நானும் மோதினேன்.

திரும்பி அவர் காலைப் பார்த்தேன். கீழே வெறும் தரை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கால் இத்தனை நாளும் அவர் காலுக்காகக் காத்திருந்திருக்கிறது!

"அங்க ஒண்ணும் இல்லைங்க."

"தெரியுது. கால் கேக்க மாட்டேங்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு தடவையும் ஃபெயிலானது நான் இல்ல. உங்க கால்! என்னைக்காவது என்னைப் பிரேக் போட விட்டிருக்கீங்களா?"

அவர் திரையைப் பார்த்தபடியே மெதுவாக, "மத்தவங்க ஓட்டினா வண்டிக்கு ஏதாவது ஆயிடுமோன்னு இருக்கும். நீ ஓட்டினா உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு இருக்கு," என்றார்.

இப்படிச் சொன்னால் மனுஷி எப்படிச் சண்டை போடுவது? இன்னொரு ஆட்டம் ஆடினேன். அவர் இரண்டு முழங்காலையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வளைவில் நானே பிரேக் போட்டேன். கார் திரும்பியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வெளியே வந்ததும் சாவியை நீட்டினார். பயிற்சிக் காரில் என் பக்கத்து சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றி, பந்தியில் உட்காருவது போலச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவர் முழங்கால் துள்ளியது. இரண்டு கையாலும் பாதங்களைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். நான் பிரேக் போட்டேன். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

"என்னப்பா, கட்டினது தண்டமா?" என்றாள் மகள் பின்சீட்டிலிருந்து.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து கோட்டைப் பார்த்தார். மணிக்கட்டில் காகிதப் பட்டை அப்படியே இருந்தது.

"நாளைக்கும் வரலாம்," என்றார். பிடித்திருந்த காலை மட்டும் விடவில்லை.