கறுப்புக் கண்ணாடி போட்ட சிங்கம்

டிசைனர்களிடம் ஒரு கேடுகெட்ட பழக்கம் உண்டு. வாடிக்கையாளரிடம் மூன்று லோகோ காட்டுவார்கள். அதில் ஒன்றை வேண்டுமென்றே மட்டமாகப் போடுவார்கள். அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு நல்லதைப் பிடித்துக்கொள்வார் என்று நினைப்பு. விளையாட்டு அணிகளுக்கு வரைந்தே பெயர் வாங்கிய நம்ம ஆளும் அதைத்தான் செய்தான்.

இந்த முறை அவன் தங்கை கோல்கீப்பராக நிற்கும் கால்பந்து அணி. "அண்ணே, நெஞ்சுல ஒட்டிக்கிட்டு ஓடப்போறது நாங்க. அசிங்கமா எதையாவது மாட்டி விட்றாத" என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள். அதற்காகவே மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து, நாரையை வரைந்து வரைந்து கிழித்துப்போட்டு, கடைசியில் ஒன்றைப் பிடித்தான். அவன் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. இரண்டாவது, ஒப்புக்கு ஒரு கேடயம். மூன்றாவது, டீ ஆறுவதற்குள் கிறுக்கித் தள்ளிய சிங்கம்: கறுப்புக் கண்ணாடி, புடைத்த புஜம், வாயில் நெருப்பு.

அணியைப் புதிதாக வாங்கிய முதலாளி, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி விற்றுப் பெரிய ஆளானவர். வாய் நிறைய பிஸ்கட்டோடு திரையைப் பார்த்தார். நாரைக்கு ஒரு கொட்டாவி. சிங்கம் வந்ததும் துகள் மேஜையெல்லாம் தெறித்தது.

"அடி தூள்! இதுதான்யா! நம்ம தொட்டி கலர்லயே அடிச்சிருங்க."

சுற்றியிருந்த அத்தனை பேரும் ஆமாம் சாமி போட்டார்கள். 'சார், அது சும்மா ஒப்புக்கு வெச்சது' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் நாரை பிழைத்துக்கொள்ளும்.

முதலாளி அவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படி?"

"எனக்கும் இதுதான் சார் ரொம்பப் பிடிச்சது."

சொன்னது தன் வாய்தான் என்று நினைக்கவே அருவருப்பாக இருந்தது. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

வீட்டில் தங்கை படத்தைப் பார்த்தாள். "கருமம்! உன் நாரை எங்கண்ணே?"

"அவங்க ஆளு எவனோ வரைஞ்சதாம். நான் என்னம்மா செய்ய?"

அவள் நம்பிவிட்டாள். பாவம், அவனுக்கு ஆறுதல் சொல்லி டீ வேறு போட்டுக் கொடுத்தாள். அதையும் அவன் ஒரு சொட்டு விடாமல் குடித்து வைத்தான்.

புதுச் சட்டையை அறிமுகப்படுத்தும் நாள். அணி மொத்தமும் சிங்கத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு மேடையில் நின்றது. முன்வரிசையில் அவன். லோகோ எப்படி என்று நிருபர் ஒருவர் தங்கையிடம் மைக்கை நீட்டினார்.

"எங்கண்ணன் அழகா ஒரு நாரை வரைஞ்சு குடுத்தாரு. அதத் தூக்கிப் போட்டுட்டு, எவனோ வரைஞ்ச இந்தக் கண்றாவிய எங்க தலையில கட்டிட்டாங்க. வெக்கமா இருக்கு."

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட, எவனோ இல்லம்மா, உங்கண்ணனேதான்! ரொம்பப் பிடிச்சதுன்னு அவரு வாயாலயே சொன்னாரே!"

கேமராக்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. தங்கை திரும்பவில்லை. நெஞ்சிலிருந்த சிங்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போனாள்.