பேர் சொல்லிக் கூப்பிடும் பங்களா

கழுகுமலை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்தக் கரடு கண்ணில் படாமல் போகாது. சுற்றிலும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, இது மட்டும் பாறையும் உடைமரமுமாக எழும்பி நிற்கும். உச்சியில் ஒரு பங்களா. எந்த ஜமீனோ எந்தக் காலத்திலோ கட்டியது. மாடிக் கூரை பாதி விழுந்துவிட்டது, சுற்றுச்சுவரை ஆலமர வேர் பிளந்துவிட்டது. ஆனால் மேற்குப் பக்க ஜன்னலில் பதித்த சிவப்புக் கண்ணாடி மட்டும் கீறல் விழாமல் இருந்தது. சாயங்கால வெயில் பட்டால் உள்ளே யாரோ தீ மூட்டியிருப்பதுபோல் தெரியும்.

சந்தனமாரி வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்த அன்று முதலில் பார்த்தது மாப்பிள்ளை வீட்டை இல்லை, அந்தக் கண்ணாடியைத்தான். "அது யாரு வீடு?" என்று கேட்டதுதான் தாமதம், மாமியார் அவள் தாடையைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். "அங்கன பாக்கப்படாது." பார்க்காதே என்று சொல்லிவிட்டால் பார்க்காமல் இருக்க முடியுமா? வந்த நாளிலிருந்து ஆடு மேய்க்கிற சாக்கில் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். உள்ளே எப்படி இருக்கும், அந்தச் சிவப்பு வெளிச்சம் தரையில் எப்படி விழும் என்று ஆசை ஆசையாக வரும். கூடவே பயமும் வரும்.

பங்களாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. ஜமீன்தார் கூட்டிவந்து வைத்திருந்த பொம்பளை உத்தரத்தில் தொங்கிவிட்டாள் என்பார்கள். அதெல்லாம் கிடையாது, உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள் என்பார் பூசாரி மாடக்கண்ணு, என்னவோ தானே கூட நின்று சாந்து எடுத்துக் கொடுத்த மாதிரி. எந்தக் கதையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். அங்கேயிருந்து அது பேர் சொல்லிக் கூப்பிடும். என்னவென்று கேட்டால் போச்சு, ஆள் திரும்ப மாட்டான்.

கதைதானே என்று சிரிக்கிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் இந்த ஊரில் இருந்திருக்க வேண்டும். அடைமழை. மழை கொஞ்சம் ஓய்ந்த நேரமெல்லாம் கரட்டுக் காற்று ஆணா பெண்ணா என்று பிரியாத ஒரு குரலைத் தூக்கிக்கொண்டு வந்து ஊருக்குள் போட்டது. "சீனி... ஏ சீனீ..."

ஊரில் சீனி என்று இருந்தது ஒரே ஆள், சந்தனமாரியின் புருஷன். அவன் எழுந்து கதவுப் பக்கம் போனபோது அவள் ஓடிப்போய் மறித்தாள். கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். அவன் காதில் பஞ்சு வைத்து அடைத்தாள். மாடக்கண்ணு சேவல் அறுத்தார், இளவட்டங்கள் தகரத்தைத் தட்டினார்கள். மறுநாள் சாயங்காலம் குரல் நின்றது. தாலிக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் அழுத அழுகையைப் பார்த்து, "ஒம் பொஞ்சாதி இல்லாட்டி நீ போயிருப்பே" என்று ஊரே சீனியிடம் சொன்னது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதெல்லாம் பழைய கதை. இப்போது தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடை, கரிசலில் ஒரு பச்சைப் புல் கிடையாது. ஆடுகள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரட்டில் மேலே ஏறித்தான் மேய்ந்தன. அன்றைக்கு வெயில் சாய்கிற நேரம் பார்த்தால் நிறைசினையாக இருந்த செவலை ஆட்டைக் காணோம்.

"ஓடைப்பக்கம் பாத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போறேங்க. நீங்க மத்ததைத் தண்ணிக்கு விடுங்க" என்று சீனியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஓடைப்பக்கம் அவள் போகவே இல்லை. செவலையின் கத்தல் மேலேயிருந்து வந்ததை அவள் கேட்டுவிட்டாள். அதைச் சொன்னால் சீனி விடமாட்டான், ஆடு போனால் போகட்டும் என்பான். ஆட்டுக்காகத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினாள். உண்மை என்னவோ பாதிதான் அது.

பங்களா வாசலில் கதவு இல்லை. உள்ளே காலை வைத்ததும் அண்ணாந்து பார்த்தாள். அடேயப்பா! நாலு கல்யாணம் ஒன்றாக நடத்தலாம், அவ்வளவு பெரிய கூடம். மாடி இடிந்திருந்தாலும் இங்கே கூரை அப்படியே இருந்தது. மேற்கு ஜன்னல் வழியே இறங்கிய வெயில் தரை முழுவதும் குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவப்பாகக் கிடந்தது. அவள் தன் கையை நீட்டினாள். கையும் சிவப்பாயிற்று. சின்னப்பிள்ளை மாதிரி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதைப் பார்க்கவா இத்தனை வருஷம் பயந்தோம் என்று சிரிப்புக்கூட வந்தது.

கூடத்துக் கோடியில் செவலை படுத்திருந்தது. பக்கத்தில் ஈரம் காயாத குட்டி. "ஏட்டி, ஒனக்குப் பேறு பாக்க இந்த அரமனைதான் கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே ஆசையாகப் போனாள். நடுவில் கொஞ்ச தூரம் தரையில் கல் இல்லை, பலகை. தூசி மூடியிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. கால் வைத்ததும் ஒரு பலகை ஆடிச் சாய்ந்தது. பிடிக்க ஒன்றும் இல்லை. கீழே போய்விட்டாள்.

கண் தெளிய நேரமாயிற்று. ஜமீன் காலத்தில் தானியம் கொட்டி வைக்கிற நிலவறை போலிருக்கிறது, நாலு பக்கமும் வழவழவென்று கல். இரண்டு ஆள் உயரத்தில், தலைக்கு மேலே, சிவப்பு வெளிச்சத்தில் ஒரு ஓட்டை. வலது கணுக்கால் பிசகி, தொட்டாலே உயிர் போனது. சுவரைப் பிடித்து நிற்கப் பார்த்தாள், கை வைக்க ஒரு இடுக்கு இல்லை.

கையை ஊன்றிய இடத்தில் என்னவோ தட்டுப்பட்டது. விறகு என்றுதான் முதலில் நினைத்தாள். இருட்டு கண்ணுக்குப் பழகியதும் தெரிந்தது, அது விறகு இல்லை. நைந்துபோன வேட்டி, அதற்குள் எலும்பு. இடுப்பு இருந்த இடத்தில் அகலமான பச்சை பெல்ட்டு.

சுவரோடு சுவராக ஒண்டி அந்த பெல்ட்டையே பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த பெல்ட்டு. நாகலாபுரத்து ஆட்டு வியாபாரி வன்னியபெருமாள் இடுப்பில் கட்டியிருப்பது, முன்பக்கம் இரண்டு பை வைத்தது. வீட்டுக்கு வந்தால் சீனியின் தோளில் கையைப் போட்டு, "ஏ சீனி, கிடா ஏதும் இருக்கால?" என்பார். இரண்டு வருஷமாக ஆள் வரவில்லை. பம்பாய்க்குப் போய்விட்டார் என்றார்கள், இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்றார்கள். அவர் சம்சாரம் ஒருதரம் ஊர் ஊராகத் தேடி வந்து சந்தனமாரி வீட்டிலும் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழைக்கு ஒதுங்கி வந்திருப்பார். இதே பலகைதான் அவரையும் கவிழ்த்துவிட்டு அப்போது திரும்பப் படிந்திருக்கும். இங்கே நின்று கத்தியிருப்பார். இந்த ஊரில் அவருக்குத் தெரிந்த பேர் சீனிதான்.

நாம்தானே கதவைப் பூட்டினோம். அந்த நினைப்பு வந்ததும் அவள் தன் இடுப்பைத் தடவினாள், அன்று சாவி செருகிய இடத்தை.

அப்போது கரட்டுக்குக் கீழேயிருந்து ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. சீனி ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டி, கரட்டு அடிவாரத்து வழியாக ஊருக்குப் பத்திக்கொண்டு போகிறான். "ஏங்க... ஏங்க... இங்கேருங்க..." தொண்டை கிழியக் கத்தினாள். மணிச் சத்தம் நிற்காமல் தள்ளிப் போயிற்று. ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரை 'ஏங்க' என்று கூப்பிடுகிறார்கள், அவனுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குப் பதற்றத்தில் புத்தி மழுங்கிவிட்டது. தாலி ஏறிய நாளிலிருந்து வாயில் வராத பேரைச் சொல்லிவிட்டாள்.

"சீனீ... ஏ சீனீ..."

மணிச் சத்தம் சட்டென்று நின்றது. கேட்டுவிட்டான்! இன்னும் இரண்டு தரம் கத்தினாள். பதிலுக்கு அவன் ஆடுகளை அதட்டுகிற சத்தம் வந்தது. பிறகு கல் உருள, செருப்பு தடதடக்க, ஆடும் ஆளும் ஓடுகிற சத்தம்.

பங்களாவிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிற பொம்பளைக் குரல். அவன் பொண்டாட்டி சாமி கும்பிடும்போதுகூட அவன் பேரைச் சொன்னதில்லை. பிறகு அவன் ஓடாமல் என்ன செய்வான்? ஊருக்குள் போய் எல்லாரையும் கதவைச் சாத்தச் சொல்வான். மாடக்கண்ணு சேவலுக்கு ஆள் அனுப்புவார். இனி எவ்வளவு கத்துகிறோமோ அவ்வளவுக்குத் தகரம் தட்டுவார்கள். அவளுக்கு எல்லாமே தெரிந்தது, ஏனென்றால் இதையெல்லாம் செய்தவர்களில் அவளும் ஒருத்தி. இந்த எலும்புக்குப் பக்கத்தில் நானும் எலும்பாகத்தான் கிடப்பேன் என்று நினைத்து ஓவென்று அழுதாள்.

மேலே செவலை கத்தியது. குட்டி சின்னக் குரலில் பதில் கொடுத்தது. அழுகையை நிறுத்திவிட்டு அவள் தலையைத் தூக்கினாள்.

பேய்க்குப் பயப்படுகிறது மனுசன்தானே, ஆட்டுக்கு என்ன தெரியும்? நாக்கைச் சுருட்டி, அடிவயிற்றிலிருந்து எடுத்து, பருத்திக்கொட்டை வைக்கும்போது ஆடுகளைக் கூப்பிடுகிற குரலைக் கொடுத்தாள். "ட்ர்ர்ரியோ... பா பா பா... ட்ர்ர்ரியோ..." விடாமல் கூப்பிட்டாள். வாய் வறண்டு ரத்த ருசி வந்தது, அப்போதும் நிறுத்தவில்லை.

தூரத்தில் மணி ஒன்று திரும்பியது. பிறகு எல்லா மணியும் திரும்பின. சீனி கூப்பாடு போட்டு மறிக்கிறான், "ஏ சனியனுகளா, நில்லுங்க!" என்கிறான். கோடைப்பசியில் கிடந்த ஆடுகள் கேட்குமா? பாறை பாறையாகத் தாவி வந்து கூடத்துக்குள் நிறைந்தன. ஓட்டையைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தன.

அவன் வருவானா? மந்தையே போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுவானா? அவள் கையைக் கூப்பிக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னல் சிவப்பு மங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாரு... யாரு அது?" சீனி வாசலிலேயே நின்று கேட்டான்.

"நாந்தாங்க. மாரி. உள்ள விழுந்துட்டேன்."

"மாரி வீட்டுக்குப் போயிட்டா. நீ யாரு?"

"வீட்டுக்கு எங்க போனேன்? பொய் சொல்லிட்டு இங்கன வந்தேங்க. பலகை சாஞ்சு விழுந்து கெடக்கேன்."

"அவ எம் பேரைச் சொல்ல மாட்டா."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சொல்லாம என்ன செய்ய? ஏங்க ஏங்கன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன், ஒங்க காது அவிஞ்சா போச்சு? நல்லா வந்து வாச்சீரய்யா எனக்கு!"

ஓட்டையின் ஓரத்தில் அவன் தலை தெரிந்தது. உள்ளே இருட்டு, அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பிறகு தழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பு இறங்கியது. கம்புப் பக்கம் இல்லை, அரிவாள் மாட்டிய பக்கம்.

"மாரின்னா இந்த இரும்பைப் பிடி. வெறுங்கையால பிடி."

இரும்பைத் தொட்டால் பேய் நிற்காது, சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், இப்படிக் கேட்கிறானே என்றிருந்தது. ஆனால் அவன் இடத்தில் நின்றிருந்தால் அவளும் இதைத்தான் கேட்டிருப்பாள். அவள் எட்டி அரிவாள் அலகை இறுக்கிப் பிடித்தாள். அவன் மேலேயிருந்து இழுத்துப் பார்த்தான். அலகு உள்ளங்கையில் இறங்கியது. அவள் விடவில்லை.

"யம்மா" என்றாள்.

அந்த ஒரு சத்தத்தில் அவன் உடைந்துபோனான். "ஏட்டி மாரி! நீதானாட்டி! விடு, விடு கையை!" தொரட்டியைத் தூக்கித் திருப்பி, துண்டை முடிச்சுப் போட்டு, குப்புறப் படுத்து இறக்கினான். அவள் ஒற்றைக் காலைச் சுவரில் உதைத்து உதைத்து, எப்படியோ மேலே வந்து விழுந்தாள்.

சீனி அவளை வாசலுக்குத் தூக்கிவந்து உட்காரவைத்தான். அழுதுகொண்டே துண்டைக் கிழித்து அவள் கையில் சுற்ற ஆரம்பித்தான்.

"கீழ ஒரு ஆளு கெடக்காருங்க" என்றாள். "நாகலாபுரத்து அண்ணாச்சி. வன்னியபெருமாளு."

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"அன்னைக்கு ஒங்களை அவருதான் கூப்பிட்டிருக்காரு. நாந்தான் கதவைப் பூட்டுனேன். அந்தப் பாவம் எனக்குத்தான். மறுநா சாயங்காலத்தோட நின்னுட்டுல்லா, அதோட போயிட்டாரு போல."

"நிக்கலட்டி" என்றான் சீனி. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு ராத்திரி நீ அசந்து தூங்கிட்டே. நான் பஞ்சை எடுத்துட்டுக் கெடந்தேன். தகரச் சத்தம் ஓஞ்சதும் விடிய விடியச் சன்னமாக் கேட்டுச்சு. கடைசியில எம் பேரை விட்டுட்டாரு. ஒரு கயிறு போடுங்க, யாராச்சும் ஒரு கயிறு போடுங்கன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. பேய்க்கு எதுக்குட்டி கயிறு? எனக்கு அப்பமே தெரியும். இன்னைக்கு எம் பேரு கேட்டதும், அந்தப் பாவந்தான் பேயா வந்து நிக்குன்னு ஓடுனேன்."

சந்தனமாரி அவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். பாதி சுற்றிய துணி தரையில் தொங்க, அவள் எழுந்து, ஆடுகளுக்கு நடுவே நொண்டிக்கொண்டு தனியாகக் கீழே இறங்கினாள்.