‘ஹுன்ச’ சொன்னால் பொக்லைன் வரும்

1

இந்தக் கதை ஒரு பொக்லைன் இயந்திரத்துக்குப் பிறந்தது. பிம்கலா கர்த்தியின் உருளைக்கிழங்கு வயலுக்குள் அதை இறக்கிவிட்டது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை மொழிபெயர்த்த புண்ணியவான்தான் இதை எழுதுகிறான். ஆகவே இதில் ‘நான்’ வராது. ஹிக்மத் ரோக்கா என்று ஒருவன் வருவான். அவனுக்கும் ஆசிரியருக்கும் பெயர், முகம், செருப்பின் அளவு எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் நடந்ததற்கு முழுப்பொறுப்பு அவனுடையது.

நடந்தது இது. நேபாளத்தின் ரோல்பா மலையில், எங்கள் (அவர்களது) ஊர் ஓடையில், உள்நாட்டுப் போருக்கு முன்பு அரசாங்கத்தின் சின்ன மின்நிலையம் ஒன்று இருந்தது. போரில் போய்விட்டது. அமைதி வந்து ஆண்டுகள் கழித்து ஒரு தனியார் கம்பெனி புதிதாகக் கட்ட வந்தது. பணம் நார்வேயில் இருந்து. பணத்தோடு சோல்வெய் என்ற பெண்மணியும். இயந்திர வீட்டுக்குச் சமதரை வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் சமதரை என்று இருப்பது பிம்கலாவின் வயல் மட்டும்தான்.

நிலம் தருவாரா என்று சோல்வெய் ஆங்கிலத்தில் கேட்டார். ஹிக்மத் நேபாளியில் கேட்டான். பிம்கலா தன் கடையில் சேல் ரொட்டியை எண்ணெயில் திருப்பிப் போட்டுக்கொண்டே, “ஹுன்ச” என்றார்.

“சரி என்கிறார்,” என்றான் ஹிக்மத்.

(ஹுன்ச: அகராதியைக் கேட்டால் ‘ஆகட்டும்’. மலையில் கேட்டால் ‘காதில் விழுந்தது’, ‘டீ ஆறுகிறது, குடி’, ‘கிளம்பினால் நல்லது’. இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அன்று அவனை நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். நாற்காலி கிடைத்தால் சிலருக்குத் தாய்மொழி மறந்துவிடும்.)

2

தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தான்:

போர் ஓய்ந்த நாட்டில் முதலீடு என்பது உடைந்த எலும்பின்மீது போடும்

(நிறுத்தியாயிற்று. எலும்பு யாருடையது என்று அவனுக்கே தெரியவில்லை.)

காலைக் கதிரின் பொன்னொளியில் பொக்லைனின் இரும்புக் கரம்

(சீ.)

பொன்னொளியெல்லாம் கிடையாது, தூறல். செய்தி கேட்டு ஹிக்மத் ஓடிப்போனபோது பாதி வயல் புரண்டுகிடந்தது. பொக்லைன் ஓட்டிவந்த சமவெளிக்காரர் விஷயம் புரிந்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, குற்றவாளிபோலக் குனிந்து உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார். பிம்கலா வரப்பில் உட்கார்ந்து முதுகுக்கூடையை நிரப்பிக்கொண்டிருந்தார்.

“கிழங்கு தோண்ட ஆள் கிடைக்கலையேன்னு இருந்தேன் தம்பி. நீ மெஷினையே அனுப்பிட்ட.”

“அக்கா, ஹுன்சன்னு சொன்னீங்களே?”

“சொன்னேன். சாப்பிட்டுப் போடான்னு நான் சொன்னப்ப நீயும்தான் ஹுன்சன்ன. சாப்பிட்டியா?”

அவன் சாப்பிடவில்லை.

3

இங்கே ஆசிரியருக்கு ஒரு சிக்கல். வயல் அழிந்த ஏழைப்பெண் கதையில் அழவேண்டும். வாசகர்கள் கைக்குட்டையோடு காத்திருக்கிறார்கள். பிம்கலாவை அழவைக்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தான். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. நேரில் அழுது அவன் பார்த்ததும் இல்லை.

தவிர, அவரைப் பற்றிய முக்கியமான தகவல் ஒன்றை அவன் முதலில் கீழே ஒளித்துவைத்திருந்தான்.*

* போரின்போது பழைய மின்நிலையத்தை வெடிவைத்துத் தகர்த்த கிளர்ச்சிக் குழுவுக்குத் தலைவி பிம்கலாதான். (அடிக்குறிப்பில் அடங்குகிற ஆள் இல்லை என்பதால் மேலே கொண்டுவரப்படுகிறார்.)

இது ஊருக்கே தெரியும். கைவிளக்கில் பேட்டரி தீர்ந்தால், “பிம்கலா இந்தப் பக்கம் வந்துட்டுப் போனாளா?” என்று கேட்பது வழக்கம். அவரும் சிரிப்பார். துப்பாக்கியைக் கீழே வைத்தபோது அரசாங்கம் கொடுத்த பணத்தில்தான் அந்த வயலை வாங்கினார். ஒரு போர் முழுக்கச் சண்டை போட்டு அவர் கையில் மிஞ்சியது அந்தச் சமதரை ஒன்றுதான். இப்போது அதையும் கேட்கிறார்கள்.

தெரியாதவர் சோல்வெய் மட்டும். வயலில் நடந்ததற்கு அவர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார், பொக்லைனைத் திருப்பி அனுப்பினார். ஆனால் அவருடைய மேலிடத்துக்கு ஒரு பதில் தேவைப்பட்டது: கட்டுவதை மறுபடியும் யாரும் தகர்க்க மாட்டார்கள் என்பதற்கு என்ன நிச்சயம்? அது கிடைக்காவிட்டால் பணம் வேறு நாட்டுக்குப் போய்விடும், ஊர் இப்படியே இருட்டில் கிடக்கும். வார்டு தலைவரைக் கேட்டார், வாத்தியாரைக் கேட்டார், போலீஸ்காரரையும் கேட்டார். மூவரும் மலர்ந்த முகத்தோடு “ஹுன்ச” என்றார்கள். ஹிக்மத் இந்தமுறை மொழிபெயர்க்காமல் தொண்டையைச் செருமினான்.

4

முடிவுகள்.

அ) பிம்கலா மனம் கனிந்து நிலத்தைத் தருகிறார். பல்பு எரிகிறது. எல்லோரும் கண்ணீர் விடுகிறார்கள்.

ஆ) பிம்கலா பொக்லைனை வெடிவைத்துத் தகர்க்கிறார். விறுவிறுப்பு. ஆனால் ஓட்டுநர் நல்ல மனிதர், கிழங்கெல்லாம் பொறுக்கிக் கொடுத்தவர்.

இ) கம்பெனி போய்விடுகிறது. ஓடை தன்பாட்டுக்கு ஓடுகிறது. (பத்திரிகைகளுக்குப் பிடித்த முடிவு. பத்திரிகை ஆபீஸ்களில் கரண்ட் இருக்கிறது.)

மூன்றையும் கடையில் உட்கார்ந்து பிம்கலாவுக்கே வாசித்துக் காட்டினான். முதலாவதைக் கேட்டு அவர் கொட்டாவி விட்டார். இரண்டாவதற்கு நிமிர்ந்து உட்கார்ந்து, எவ்வளவு வெடிமருந்து வைத்ததாக எழுதியிருக்கிறாய் என்று விசாரித்தார். அவன் சொன்னான். “அதுக்கு இந்தச் சட்டிகூடக் கவுறாது,” என்றார். மூன்றாவதைக் கேட்கையில் அடுப்பை மறந்தார். ரொட்டி கருகியது.

கருகவிட்டதை ஹிக்மத் கவனித்தான். கரண்ட் வந்தால் ஒரு குளிர்பெட்டி வாங்கவேண்டும் என்று அவர் எப்போதோ சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவருக்கு வெளிச்சமும் வேண்டும், வயலும் வேண்டும். இரண்டும் ஒரே கதைக்குள் எப்படி வரும் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

5

ஆகவே வாசகரே, மூன்றில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். நான்காவது தோன்றினால் அதையும்

(இந்த வாக்கியம் முடியவில்லை. கடை வாசலில் ஜீப் வந்து நின்றது.)

சோல்வெய் விடைபெற வந்திருந்தார், காத்மாண்டுவுக்கு. கடைசியாக ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டார், இந்தமுறை பிம்கலாவிடம். பிறகு ஹிக்மத்தைப் பார்த்தார். அவன் நாற்காலியில் இருந்து எழுந்து, அடுப்புக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.

“அக்கா, மேடம் கேட்டாங்க, அது இருக்கட்டும். எனக்காகக் கேக்குறேன். நீங்க யாருன்னு எனக்குத் தெரியும், நான் என்ன பண்ணேன்னு உங்களுக்குத் தெரியும். வயலைத் தருவீங்களா? தந்தா, மறுபடி யாரும் அதை வெடிக்க மாட்டாங்கன்னு எதை நம்பிச் சொல்றது? தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லிடுங்க, அப்படியே சொல்றேன்.”

பிம்கலா சட்டியை இறக்கிவைத்தார். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“விக்க மாட்டேன். வாடகைக்கு விடுறேன். வருஷா வருஷம் என் கடைக்கு வந்து, என் கையில குடுக்கட்டும். அன்னைக்கு நாங்க வெடிச்சோமே, அந்த லைட்டு கீழ டவுனுக்குத்தான் எரிஞ்சுது. இந்த ஊர்ல யாருக்கும் அதுல ஒரு செங்கல்லுகூடச் சொந்தமில்ல. இது அப்படியா? நீயே சொல்லு தம்பி, தன் குடித்தனக்காரன் வீட்டுக்கு எவளாவது குண்டு வைப்பாளா?”