அக்கா முகமும் புதுப் பெட்டியும்

அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு இரண்டு பேருக்கு மேக்கப் போட்டு அனுப்பியிருப்பேன். தயாரிப்பாளரோ அதைப் பெற்ற பிள்ளை மாதிரித் தடவிக்கொண்டிருந்தார். புதிதாக வந்திருக்கும் ஹெச்.டி. டிஸ்க் பிளேயராம், முதலில் வாங்கியதே இவர்தானாம். சூட்கேஸ் கனம். பட்டனை அமுக்கினால் உள்ளே விசிறி இரைந்தது. தட்டு வெளியே வரவே யோசித்தது. வட்டைப் போட்ட பிறகு, 'காத்திருக்கவும்' என்றது. காத்திருந்தோம். படம் எட்டிப் பார்த்துவிட்டு உடனே மறைந்தது.

"டிவிக்கும் இதுக்கும் இன்னும் ஒத்துப்போகலம்மா. கல்யாணமான புதுசு பாரு," என்றார்.

"இப்பவே விவாகரத்து ஆயிடும் போலிருக்கே சார்," என்றேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

அக்கா கதாநாயகி. நான் அவளுக்கு மேக்கப் போடுகிற தங்கை. அந்த வட்டில் இருந்தது எங்கள் போன படம். அது கடைக்கு விற்பனைக்குப் போகுமுன் பார்க்கத் தயாரிப்பாளர் கூப்பிட்டிருந்தார். பார்த்து முடித்ததும் அடுத்த படத்துக்கு அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அதிலும் கல்லூரிப் பெண் வேடம். அவள் வயதை நான் சொன்னால் என் நாக்கை அறுத்துவிடுவாள். இது கைநழுவினால் அப்புறம் அம்மா வேடம்தான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன்.

ஒருவழியாகப் படம் வந்தது. அடேயப்பா! படத்தில் மேசைமேல் கிடந்த பேப்பரின் தலைப்பைக்கூடப் படிக்க முடிந்தது. வில்லன் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறம். தயாரிப்பாளர் கைதட்டிச் சிரித்தார்.

அடுத்து அக்கா, மிக நெருக்கத்தில். கண்ணுக்குக் கீழே நான் மறைத்து வைத்த கோடுகள் எல்லாம் பவுடரைப் பிளந்துகொண்டு நின்றன. கழுத்தைப் பார்க்கவே வேண்டாம். தியேட்டரில் அத்தனை ஜனம் பார்த்தது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. இந்தப் பாழாய்ப்போன பெட்டி காட்டிக்கொடுத்துவிட்டது.

தயாரிப்பாளர் அவசரமாக ரிமோட்டை அமுக்கினார். பெட்டிக்குப் புத்தி மெதுவாகத்தான் எட்டும். அக்கா வாய்விட்டுச் சிரிக்கிற இடத்தில் போய் நின்றது. சிரித்தால் கோடு இரட்டிப்பாகும். மறுபடி அமுக்கினார், தட்டினார், திட்டினார். அது அசையவில்லை. சுவர் அளவுக்கு அக்கா முகம்.

"என்னம்மா இது?" என்று என்னைக் கேட்டார். "மேக்கப்பா, இல்ல..." மீதியை விழுங்கிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. 'இதுக்கு மேல பூசினா முகம் இருக்காது சார், சுவருதான் இருக்கும்' என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. உண்மையும் அதுதான். ஆனால் என் கையைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன.

"மேக்கப்தான் சார். மட்டமான பவுடரைப் போட்டுத் தொலைச்சிட்டேன்."

அவருக்கு மூச்சு வந்தது. "அதானே பார்த்தேன்! அடுத்த படத்துக்கு மேக்கப்புக்கு வேற ஆள் போட்டுக்கலாம். தப்பா எடுத்துக்காதம்மா."

அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். பேசினாள்.

"நானும் தலபாடா அடிச்சுக்கிட்டேன் சார். இவ கேட்டாத்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையெழுத்துப் போடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். லிஃப்ட் கதவு மூடியதும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா இருக்குக்கா! நான் குழியில விழுறேன், நீ மேல மண்ணத் தள்ளுற!"

"நான் அப்படிச் சொல்லலன்னா அந்த ஆளு நம்பியிருப்பானாடி?"

"நம்பிட்டான்ல? உனக்குன்னு புதுசா ஒருத்தி வருவா. சந்தோஷமா இரு."

கீழே வந்து கதவு திறந்தது. அக்கா வெளியே காலெடுத்து வைக்கவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள்.

"உன்னத் தவிர யாரு முன்னாடியும் நான் முகம் கழுவினதே இல்லடி. இனிமே அவ முன்னாடி எப்படிக் கழுவுவேன்?"

இன்னும் திட்டுவதற்காக வாயைத் திறந்திருந்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.