கரடியூர்க் கல்

மழைக்கு ஒதுங்கி நின்றவளை உள்ளே கூப்பிட்டபோது சாந்தாமேரிக்குப் பெரிய யோசனை ஒன்றும் இல்லை. ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, நனைந்த குடையை வாசலில் விரித்துவிட்டு, அருங்காட்சியகத்தின் இரட்டைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். மழைக்காலத்தில் மரம் ஊறிப்போய் அந்தக் கதவு அப்படித்தான் அடம்பிடிக்கும். ஓட்டுச் சரிவின் கீழே, சந்தையில் கொய்யா விற்று முடித்த பெண் ஒருத்தி காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்தபடி நின்றிருந்தாள். சாரலில் அவள் சேலை முழங்கால்வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

“உள்ள வந்து நில்லுங்கம்மா. டிக்கெட்டெல்லாம் கெடையாது.”

“காலெல்லாம் சேறா இருக்குதுங்களே.”

“பரவால்ல, வாங்க.”

ஏற்காட்டு ஏரிக்கு மேலே இருந்த அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் எஸ்டேட் துரையின் குதிரை லாயம். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் துரையும், ஒரு பாதிரியாரும், வங்கி மேலாளர் ஒருவரும், கோடைக்கு வந்துபோகும் கல்லூரிப் பேராசிரியரும், பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்த சாந்தாமேரியும் சேர்ந்து மலை வரலாற்றுக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து லாயத்தை நிரப்பினார்கள். கையால் சுற்றும் காப்பிப்பழ மெஷின், குதிரைச் சேணம், பன்றி வேட்டை ஈட்டி, பங்களாக்களின் மங்கிய போட்டோக்கள். பிறகு துரை எஸ்டேட்டை விற்றுவிட்டு மகளிடம் வெளிநாடு போனார். மேலாளருக்கு மாற்றல் வந்தது. பாதிரியார் இறந்தார். பேராசிரியருக்கு முழங்கால் வலி, மலையேறுவதை நிறுத்திக்கொண்டார். சாவி சாந்தாமேரியிடம் இருந்ததால் கழகமும் அவளிடமே தங்கிவிட்டது. ஓய்வு பெற்றுப் பள்ளிக் குடியிருப்பைக் காலிசெய்தபோது, லாயத்துக்குப் பின்னால் குதிரைக்காரன் படுத்திருந்த சிறிய அறைக்குக் கட்டிலையும் மாதா படத்தையும் கொண்டுவந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவளுக்கு அந்த அறை போதுமானதாகத்தான் இருந்தது.

சீசனில் சிலர் வருவார்கள். பெரும்பாலும் பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்பதற்கு. அவர்களையும் விடாமல் சேணத்தின் முன்னால் நிறுத்தி இரண்டு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவாள். மற்ற மாதங்களில் அவள் குரல் பால்காரரிடம் “அரை லிட்டர் போதும்” என்று சொல்வதற்கு மட்டுமே பயன்பட்டது. சில திங்கட்கிழமைகளில் அதுவே கரகரத்து, இருமிவிட்டுத்தான் வெளியே வரும்.

அன்று மழை விடுவதாக இல்லை. பழக்கதோஷத்தில் அந்தப் பெண்ணுக்கும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். அவள் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினாள். கண்ணாடி அலமாரியில், உள்ளங்கை நீளத்தில், ஒரு முனை கூர்மையாக, தண்ணீரில் ஊறிய மொச்சைபோல மழமழவென்று இருந்த கருங்கல்லின் முன்னால் வந்ததும் சாந்தாமேரி சீட்டைப் படித்துக் காட்டினாள்.

“புதிய கற்காலக் கற்கோடரி. கரடியூர் அருகே சாலைப் பணியின்போது கிடைத்தது.”

“எந்த ஊருன்னீங்க?”

“கரடியூர்.”

அவள் இடுப்பிலிருந்த கூடையைத் தரையில் வைத்தாள். ஈரக் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“கோடாலி இல்லீங்க இது. எங்க பிள்ளையாருங்க.”

இந்த மலைகளில் இப்படிப்பட்ட கற்களை மரத்தடியில் வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று பேராசிரியர் ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார். சாந்தாமேரி அதைப் பல வருஷம் மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு தகவலாகத்தான் அவளுக்கு அது தெரியும். தகவல் இப்படி ஈரச் சேலையோடு வந்து எதிரில் நிற்கும் என்று நினைத்ததில்லை. எடுத்துப்போகிறேன் என்று அந்தப் பெண் கேட்டுவிடுவாளோ என்று அலமாரிச் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். ஆனால் அவள் கேட்டது வேறு.

“ஞாயித்துக்கெழம சந்தைக்கு வருவனுங்க. வந்தா ஒருக்கா பாத்துட்டுப் போகலாங்களா?”

அவள் பெயர் காளியாயி. அடுத்த ஞாயிறு செவ்வந்திப் பூவோடு வந்தாள். கண்ணாடிக்கு வெளியே பூவை வைத்துக் கண்ணை மூடி நின்றாள். அதற்கடுத்த ஞாயிறு சாந்தாமேரி கண்ணாடியைத் திறந்துவிட்டாள். கும்பிட்டதும் போய்விடாமல் காளியாயி வாசற்படியில் உட்கார, சாந்தாமேரி டீ போட்டுக் கொண்டுவந்தாள். சாமைக் கதிரைப் பன்றி புரட்டிப் போட்டது, நாத்தனார் கோபித்துக்கொண்டு போய் மூன்று ஊர் ஆட்களை வைத்துச் சமாதானமானது, காப்பிக்கொட்டைக்கு வியாபாரி சொன்ன விலை என்று காளியாயி பேசிக்கொண்டே இருப்பாள். மடியிலிருந்து ஒரு பிடி அவரைக்காயோ இரண்டு ஆரஞ்சோ எடுத்து வைப்பாள். “ஒத்தையா எப்பிடீங்க இந்தப் பெரிய ஊட்டுல?” என்று ஒரு முறை கேட்டாள். “பழகிடுச்சு,” என்றாள் சாந்தாமேரி. மார்கழிக்குள் சனிக்கிழமையே கடைக்குப் போய் நல்ல டீத்தூளும் பன்னும் வாங்கி வைக்கிற பழக்கம் வந்துவிட்டது. பிரசங்கம் நீண்டுபோனால் கால் தானாகப் பெஞ்சுக்கடியில் ஆடத் தொடங்கியது.

தை மாதம் காளியாயி தன் அண்ணன் அங்கப்பனைக் கூட்டிவந்தாள். ஊர்க்காரியங்களை முன்னின்று நடத்துகிறவர். வெள்ளைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கல்லின் முன் கும்பிட்டு நிமிர்ந்தார்.

“ரோடு போட வந்தவங்க மரத்தடிய இடிச்சு எல்லாத்தையும் பள்ளத்துல தள்ளிட்டாங்க டீச்சர். தேடித் தேடிக் கெடச்சதையெல்லாம் எடுத்து வச்சோம். இது இங்க இருக்கறது எங்களுக்கு எங்கீங்க தெரியும்? இப்பக் கோயிலு கட்டறோம். வைகாசில கும்பாபிசேகம். சாமியக் குடுத்தீங்கன்னா நொம்பப் புண்ணியமுங்க.”

“கமிட்டி கூடித்தாங்க முடிவு பண்ணணும்,” என்றாள் சாந்தாமேரி.

யோசிக்காமல் வந்த வார்த்தை. சொன்ன பிறகு அவளுக்கே திடுக்கென்றது. அங்கப்பன் அதை நியாயமாக எடுத்துக்கொண்டார். “அது சரிங்க. நாலு பேரக் கேட்டுத்தான் செய்யணும்,” என்று மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் டீ டம்ளரை வாங்கும்போது காளியாயி கேட்பாள். “கமிட்டி கூடுச்சுங்களா டீச்சர்?”

“இன்னும் இல்ல காளியாயி.”

“வேலயா இருப்பாங்களாட்ட இருக்குது.”

“ஆமா. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம்.”

அது முழுப் பொய்யும் இல்லை என்று சாந்தாமேரி சொல்லிக்கொண்டாள். ஒரு பொருளை எடுத்துக் கொடுத்தால் நாளைக்கு இன்னொருவர் வந்து ஈட்டியைக் கேட்பார்; அருங்காட்சியகம் என்று எதற்கு இருக்கிறது? கற்காலத்துக் கல் கோயிலுக்குள் போய் எண்ணெய் ஏறிக் கெட்டுப்போகும். இப்படி நாலைந்து நல்ல காரணங்கள் அவளிடம் இருந்தன. இரவில் படுத்தபின் ஒன்றுகூட நிற்காது. காளியாயி வருவது கல்லுக்காக. கல் போனபின் சந்தையிலிருந்து நேரே ஊர் ஜீப்புக்குப் போய்விடுவாள். இது மட்டும்தான் மிஞ்சும்.

பங்குனியில் காப்பி பூத்தது. மலையே வெள்ளையாக மணத்துக் கிடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காளியாயி வரவில்லை. முதல் வாரம் பன்னைச் சாந்தாமேரியே தின்றாள். இரண்டாவது வாரம் சந்தை கலைகிறவரை வாசலில் நின்றுவிட்டு, குருவிகளுக்குப் பிய்த்துப் போட்டாள். மூன்றாவது வாரம் காளியாயி வந்தாள். உள்ளே போகவில்லை, படியிலும் உட்காரவில்லை.

“தோட்டத்துல வேலைங்க,” என்றாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, “டீக்கடையில சொன்னாங்க. கமிட்டின்னு இப்ப ஆருமே இல்லையாமாங்க. டீச்சரு ஒருத்தர்தானாமா.”

“ஆமா,” என்றாள் சாந்தாமேரி.

“அப்பறம் ஏனுங்க டீச்சர்?”

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். உண்மையிலேயே புரியாமல், முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

“அத எடுத்துட்டா... அப்பறம் இங்க என்ன இருக்கு, காளியாயி?”

காளியாயி கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். மெஷினை, சேணத்தை, சுவர் நெடுக மாட்டியிருந்த போட்டோக்களைப் பொறுமையாக ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“இத்தன சாமான் இருக்குதுங்களே,” என்றாள்.

அன்று டீ குடிக்காமலே போனாள்.

கழகத்தின் கூட்டம் மாதத்தின் முதல் சனிக்கிழமை என்பது ஆரம்ப நாளிலிருந்து விதி. அந்தச் சனிக்கிழமை சாந்தாமேரி மேசையைத் துடைத்து, மடக்கு நாற்காலிகளைச் சுற்றிலும் போட்டாள். யாருக்காகவும் இல்லை, அவர்களிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. துரை வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்து, “கரடியூர்க் கல்லத் திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன்,” என்று வாய்விட்டுச் சொன்னாள். ஏரிப்பக்கம் துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. ஆட்சேபம் வருமோ என்பதுபோல மற்ற நாற்காலிகளையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுந்து, தன் பட்டுச் சேலையில் பழையது ஒன்றைத் தேடி எடுத்து அதில் கல்லைச் சுற்றினாள்.

கல்லோடு வருவதாக அங்கப்பனுக்கு முன்பே சொல்லியனுப்பியிருந்தாள். வைகாசியில் கும்பாபிஷேகத்தன்று கரடியூருக்குப் போன ஜீப்பில் கல் இருந்த பையை மடியிலேயே வைத்திருந்தாள். வளைவுகளில் கல் தொடையில் அழுந்தி வலித்தது. ஊர் எல்லையில் மேளத்தோடு நின்றிருந்தார்கள். இவளுக்காக அல்ல, சாமிக்காக என்று தெரிந்தும் இறங்குமுன் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். அங்கப்பன் தாம்பாளத்தை நீட்டினார். சாந்தாமேரி கழுத்துச் சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக் கல்லை அதில் வைத்தாள். ஒரு நொடிதான். தாம்பாளம் தலைகளுக்கு மேலே ஏறிக் கூட்டத்துக்குள் போய்விட்டது.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். “கல்லு வச்சிருந்த டீச்சருங்க இவங்க,” என்று யாரோ யாருக்கோ சொன்னார்கள். சாப்பிட்டுக்கொண்டே அவள் காளியாயியைப் பார்த்தாள். பந்தியில் ஒருவரை அதட்டுகிறாள், ஒரு கிழவரின் இலையில் உரிமையோடு இன்னும் சோற்றைத் தள்ளுகிறாள், யாரோ காதில் சொன்னதற்கு அண்ணாந்து சிரிக்கிறாள். அத்தை என்றும் சித்தி என்றும் அக்கா என்றும் நாலு திக்கிலிருந்தும் கூப்பிட்டார்கள். வாசற்படியில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடிக்கிறவளுக்கு இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று சாந்தாமேரிக்குத் தோன்றியதே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் தன் பக்கமாகவே எடை சாய்ந்து கிடந்திருக்கின்றன என்று பட்டது. மோர் ஊற்றினார்கள். குனிந்து குடித்தாள்.

கிளம்புமுன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று கோயிலுக்குப் போனாள். புதுச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும் சிறிய அறை. உள்ளே மேடை நிறையக் கற்கள், எண்ணெய் வழிய, மஞ்சளும் குங்குமமும் பூசி, நெருக்கியடித்து நின்றன. எல்லாம் ஒரே கருமை, ஒரே மழமழப்பு. பத்து வருஷத்துக்கு மேல் வாரம் தவறாமல் துணியால் துடைத்த கல்லை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பக்கம் பூக்கூடையோடு வந்த காளியாயியிடம், “இதுல எது அது?” என்று கேட்டாள்.

காளியாயி எட்டிப் பார்த்தாள். “இப்ப எல்லாம் ஒண்ணுதானுங்களே டீச்சர்,” என்றாள். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “இருங்க, போயறாதீங்க, தா வந்தர்றன்,” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சாந்தாமேரி கொஞ்ச நேரம் நின்றாள். கடைசி ஜீப் ஹாரன் அடித்தது. டிரைவர் இன்னொரு முறையும் அடித்தார். பின்பக்கம் ஏறி, வாழைத்தாருக்கும் ஒரு சாக்கு மூட்டைக்கும் நடுவே கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் ஏறி நெருக்கினார்கள். பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

வண்டி நகர்ந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு காளியாயி ஓடிவந்தாள். கையில் ஏதோ இலையில் கட்டிய பொட்டலம். முன்சீட்டுப் பக்கம் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “டீச்சர்! ஏனுங்க டீச்சர்!” என்று, டீச்சர் இல்லாத பக்கமாகக் கூப்பிட்டாள். சாந்தாமேரி வாழைத்தாரை ஒதுக்கி, அடுத்தவர் தோளுக்கு மேலாகக் கையை வெளியே நீட்டினாள். ஜீப் வளைவில் திரும்பியது. காளியாயி ரோட்டின் நடுவில் நின்று, ஒரு கையைப் புருவத்துக்கு மேலே வைத்துக்கொண்டு, மூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.