பஸ் திரும்பும் மூலை

எங்கள் சங்கத் தலைவருக்கு மைக் தேவையில்லை. தெருவின் இந்தக் கோடியில் அவர் பேசினால் அந்தக் கோடியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் அவரைத் தலைவராக்கினோம். அவர் என் அண்ணன் என்பதற்காக நான் கூட்டிச் சொல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால் குறைத்துத்தான் சொல்கிறேன்.

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் நடுவிலிருக்கும் பழைய கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர்களும், அந்தக் கடைகளின் மாடியில் குடியிருப்பவர்களும் சேர்ந்தது. மூலையில் அண்ணனின் செருப்புக் கடை, அதை ஒட்டி என் மூக்குக்கண்ணாடிக் கடை. அப்பாவின் கட்டடத்தை நடுவில் ஒரு சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். நான் சங்கத்துக்குச் செயலாளர். அதாவது அண்ணன் கத்துவதையெல்லாம் மரியாதையான மொழியில் மனுவாக எழுதுகிற வேலை.

பைபாஸ் சாலை வந்ததும் பஸ் எங்கள் தெருவைக் கைவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. பஸ்ஸோடு ஆட்களும் போனார்கள். ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சங்கம் சும்மா இருக்கவில்லை. மாநகராட்சியோடு மல்லுக்கு நின்று தெருவிளக்கு வாங்கினோம், குப்பைத்தொட்டி வாங்கினோம், மூடிக்கிடந்த ஷட்டர்களுக்கு நாங்களே பெயிண்ட் அடித்தோம். தெரு பளிச்சென்று ஆனது. அந்தப் பளிச்சில் நடக்கத்தான் ஆளில்லை. திறந்திருந்த கடைகளில் எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

என் பாடு இன்னும் மோசம். என்னிடம் வருகிறவர்கள் கண் சரியாகத் தெரியாதவர்கள். அவர்கள் பைபாஸில் இறங்கி, லாரிகள் பறக்கிற அந்த அகலச் சாலையைக் கடந்து, என்னிடம் வந்து கண்ணாடி வாங்க வேண்டும். அதைக் கடக்க முடிந்தவனுக்குக் கண்ணாடி எதற்கு? வெளியூரில் இருக்கும் என் மகள் போன் பண்ணும்போதெல்லாம், "கடையை மூடிட்டு எங்கூட வந்துடும்மா" என்றாள். பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லி நாங்கள் போட்ட மனுவுக்கு, வராது என்று இந்த முறையும் பதில் வந்தால் மூடிவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அண்ணனிடமும் சொன்னேன். எதற்கும் கத்துகிற மனுஷன், தன் ஷோகேஸ் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

எங்கள் மனுக்களின் தொல்லை தாங்காமல் பஸ் நிர்வாகம் ஒரு எஞ்சினியரை அனுப்பியது. என் மகள் வயதுப் பெண். கையில் அளக்கிற நாடா, சாக்பீஸ் பெட்டி. அண்ணன் தன் கடை வாசலில் நின்று, தெரு செத்துக்கொண்டிருக்கிறது, கேட்க நாதியில்லை என்று வழக்கமான உரையை ஆரம்பித்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பஸ் இந்த மூலையிலதானே சார் திரும்பணும்? எவ்வளவு இடம் வேணும்னு பாத்துடலாம்" என்று குனிந்து ரோட்டில் கோடு போட ஆரம்பித்தாள்.

கோடு வளைந்து வந்தது. லாண்டரிக்கார அக்காவின் படி மேல் ஏறி இறங்கியது. மருந்துக் கடைக்காரரின் சிமெண்டு மேடையைக் கடந்தது. நாங்கள் பின்னாலேயே போனோம். கடைசியில் அண்ணன் கடையின் கண்ணாடி ஷோகேஸில் போய் முட்டி நின்றது. எஞ்சினியர் நிமிர்ந்தாள்.

"கோடு உள்ள போகுது சார்."

"உள்ளன்னா?"

அவள் கண்ணாடி வழியே விரலை நீட்டினாள். "அந்த ரோஸ் ஷூ வரைக்கும்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஷோகேஸ்தான் அவருடைய உயிர். தெருவுக்குள் மூன்றடி தள்ளி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து, உள்ளே விளக்குப் போட்டுக் கட்டியது. பஸ்ஸுக்காக நாங்கள் நடத்திய ஒவ்வொரு போராட்டத்துக்கும் அவர் அதன் முன்னால் நின்றுதான் பேசினார். பத்திரிகையில் வந்த எல்லா போட்டோவிலும் அவருக்குப் பின்னால் அது மினுங்கிக்கொண்டிருக்கும்.

"பஸ் போனதுக்கு எங்க ஷோகேஸா காரணம்?" என்றார்.

"பைபாஸ் ஒரு காரணம் சார். ஆனா அதுக்கு முன்னாடியே, மூலையில வண்டி திரும்பலைன்னு டிரைவருங்க எழுதிக் குடுத்திருக்காங்க. ஆளுக்குக் கொஞ்சம் வெளிய வந்திருக்கீங்க." அவள் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இடம் விட்டீங்கன்னா சோதனைக்கு ஒரு பஸ் அனுப்புறோம். ரிவர்ஸ் எடுக்காம ஒரே மூச்சுல திரும்பிட்டா தினமும் வரும். இல்லைன்னா இந்தத் தெரு ஃபைலை மூடிடுவாங்க."

அன்று சாயங்காலம் லாண்டரி மாடியில் சங்கம் கூடியது. தெருவை விழுங்கியது யார் என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஏப்பம் விட்டதும் நாங்கள்தான் என்று அன்று தெரிந்துவிட்டது. லாண்டரிக்கார அக்காதான் ஆரம்பித்தாள். "எனக்கு முக்கால் அடிதான். பெருசா நீட்டினவங்களைக் கேளுங்க." மருந்துக் கடைக்காரரை நாங்கள் கசப்பு என்போம். அவர் விற்கிற மருந்தைவிட அவர் வாய் கசக்கும். "தலைவர் முதல்ல கையை வைக்கட்டும். அப்புறம் எங்க மேடை தானா இடியும்" என்றார். தலைவர் கைவைக்க மாட்டார் என்ற தைரியம்தான்.

அண்ணன் எழுந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். ஒன்றுமே சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. மகளுக்குப் போன் போட்டு, பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கப் போனபோது அண்ணன் ஷோகேஸுக்குள் உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே உள்ளே. செருப்புகளுக்கு நடுவே சம்மணம் போட்டு. விலைச்சீட்டு ஒட்டாததுதான் குறை.

"என்ன அண்ணா, உன்னையும் விக்கிறாங்களா?"

"எவன் வாங்குவான்? உள்ள வா."

ஷோகேஸில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கால் ஷூவைத்தான் வைப்பது வழக்கம். இன்னொன்று உள்ளே அட்டைப்பெட்டியில் இருக்கும். அவர் பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். வெளியே இருந்தவை வெயிலில் வெளுத்திருந்தன. பெட்டியில் இருந்தவை புதுசாகவே இருந்தன. ஒரு சிவப்பு ஷூவையும் ஒரு ரோஸ் ஷூவையும் கையில் பிடித்துக் காட்டினார்.

"இது ரெண்டும் ஒரு ஜோடின்னு சொன்னா நம்புவியா?"

"கண்ணாடி போட்டுக்கிட்டா நம்ப மாட்டேன்."

சிரித்தார். பிறகு, "எத்தனை வாட்டி இதுக்கு முன்னாடி நின்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். ஒருத்தனாவது, யோவ், உன் முதுகுக்குப் பின்னாடி பாருன்னு சொன்னானா?" என்றார்.

"யாருக்கும் தெரியலையே."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." சிவப்பு ஷூவைப் பெட்டியில் போட்டு மூடினார். "இடிச்சுடலாம்."

"அண்ணா, எனக்காகன்னு எதுவும்..."

"உனக்காக எவன் சொன்னான்? நீ போயிட்டா மனுவை எவன் எழுதுவான்? எனக்கு எழுத்துப்பிழை வரும்."

நான் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டேன். நல்லவேளை, அவர் குனிந்து அடுத்த பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் கண்ணாடியைக் கழற்றி எடுத்தாயிற்று. ஷோகேஸின் அடிச்சுவரில் முதல் சம்மட்டி அடியை அண்ணனே அடித்தார். சத்தம் கேட்டு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். கசப்பு வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அப்புறம் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்து தன் மேடையைக் குத்த ஆரம்பித்தார். லாண்டரிக்கார அக்கா தன் முக்கால் அடியை உடைத்துவிட்டுக் கூடைநிறையக் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, "இது வெறும் முக்கால் அடியா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நானும் என் படிகளை உடைத்தேன். மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் மண் அள்ளினார்கள். குப்பையெல்லாம் போனபின் அடியிலிருந்து வரிசையாகக் கல் பாவிய நடைபாதை ஒன்று வெளியே வந்தது. எங்கள் தெருவுக்கு நடைபாதை இருந்ததே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெருமையும் வெட்கமுமாக அதைக் கழுவிவிட்டோம்.

சோதனை பஸ் வந்த காலையில் தெருவே வாசலில் நின்றது. பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் எஞ்சினியரும் மட்டும். மூலைக்கு வந்ததும் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்சக்கரம் கோட்டுக்குள் அழகாக வந்தது. யாரும் மூச்சு விடவில்லை. பாதித் திருப்பத்தில் பஸ் கிறீச்சென்று நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டி மேலே கைகாட்டினார்.

என் கடையின் போர்டு. தகரத்தில் செய்த மூக்குக்கண்ணாடி, கட்டில் அகலம். தெருக்கோடியிலிருந்தே தெரிய வேண்டும் என்று நீளமான இரும்புக் கம்பி போட்டு ரோட்டின் மேல் நீட்டி மாட்டியிருந்தது. இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் பஸ்ஸின் கூரை அதில் மோதும். ஊரையெல்லாம் கோட்டைப் பார், கோட்டைப் பார் என்று விரட்டிய செயலாளர் நான், ஒருதரம்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

"செயலாளரம்மாவுக்குக் கண் டெஸ்ட் பண்ணணும்போல இருக்கே" என்றார் கசப்பு. தெரு சிரித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எஞ்சினியர் ஜன்னல் வழியாகக் குனிந்தாள். "வண்டியைப் பின்னால எடுத்தா சோதனை முடிஞ்சுது மேடம். அப்படியே நிக்கச் சொல்றேன். சீக்கிரம்."

அண்ணன் கடைக்குள்ளிருந்து ஏணியோடு வந்தார். கசப்பு ஏணியைப் பிடித்துக்கொள்ள, சம்மட்டியோடு மேலே ஏறினார். கம்பியின் ஆணிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. ஓங்கிய சம்மட்டியை அண்ணன் அப்படியே நிறுத்தினார்.

"ஏம்மா, இது மாப்பிள்ளை மாட்டினதும்மா." அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு மெதுவாக ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

என் கணவர் போனபிறகு அதற்கு வருஷாவருஷம் நான் பெயிண்ட் அடிக்கிறேன். அவர் கையால் வெட்டிய தகரம். எனக்கு மட்டும் அது தெரியாதா?

"உன் மாப்பிள்ளை இந்த பஸ்ல வந்துதான், செருப்பு வாங்குற சாக்குல என்னைப் பாத்துட்டுப் போனாரு" என்றேன். "நாலு ஜோடி வாங்கினாரு. அடி அண்ணா."

அடித்தார். மூன்றாவது அடியில் கம்பி பிய்ந்தது. கீழே நின்ற லாண்டரிக்கார அக்காவும் மாடிக்காரர்களும் தகரக் கண்ணாடியைத் தரையில் விழாமல் கைகளில் வாங்கிக்கொண்டார்கள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் நகர்ந்தது. அதன் நீண்ட பின்பக்கம் மெல்ல மெல்ல வளைந்து, ஷோகேஸ் நின்ற வெற்றிடத்தின் மேலாக, ஒரு கல்லையும் உரசாமல் வந்து தெருவுக்குள் நேராக நின்றது. ஒரே மூச்சு. தெரு கைதட்டிய தட்டலில் மாடிப் புறாக்கள் கிளம்பிவிட்டன. கசப்பு யாருக்கும் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவர்கள் எல்லோரும் என் சங்கத்து ஆட்கள் என்று எனக்குப் பெருமை பொங்கியது. எஞ்சினியர் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலிலேயே என் மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கினார். சட்டையெல்லாம் துரு. நேரே போய் பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து, "ஒரு டிக்கெட்" என்றார்.

"சோதனை வண்டி சார், டிக்கெட் இல்ல" என்றார் கண்டக்டர்.

"அப்போ சும்மாவே கூட்டிட்டுப் போ."

பஸ் புறப்பட்டது. நான் ரோட்டு நடுவில் நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து அண்ணன் தலை வெளியே வந்தது. தெருவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

"ஓரமா நில்லும்மா! பஸ் வர்ற தெரு இது!"